எரிபொருள் விலை ஏற்றமும் சிற்றூர்க் குடும்பத்தின் பயணக் கணக்கும்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்துள்ள திருமுக்கூடல், ஆட்சிப் பிரிவின்படி காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்ததாயினும், அவ்வூரின் அன்றாடப் போக்குவரத்து வட்டத் தலைமையிடத்தை நோக்கியதன்று. உத்திரமேரூர் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தவுடன் வரும் பழையசீவரமோ செங்கற்பட்டு–காஞ்சிபுரம் நெடுஞ்சாலையின் மீதே அமைந்திருப்பதால், சந்தைக்கு வாலாஜாபாத், மேல்சிகிச்சைக்குச் செங்கற்பட்டு அல்லது காஞ்சிபுரம், தொழிற்சாலை வேலைக்கு ஒரகடம் என்று எல்லாப் பயணங்களும் ஆற்றுக்கு அக்கரையிலேயே முடிகின்றன. இப்பயணங்களில் பெரும்பகுதியை இன்று இருசக்கர வாகனமே சுமக்கிறது. ஆகவே பெட்ரோல் விலை ஏறும்போது, அரிசி விலை ஏறியதைப் போலவே அது நேரடியாக வீட்டுச் செலவில் வந்து விழுகிறது. விலையைக் குறைக்கும் ஆற்றல் எந்தக் குடும்பத்திடமும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே அளவாகிய கிலோமீட்டரை எவ்வாறு குறைப்பது, குறைக்க இயலாத கிலோமீட்டரை எதற்கு மாற்றுவது என்பதையே இவ்வியல் விளக்க முற்படுகிறது.

விலை ஏறுவதும் அது கண்ணுக்கு மறைவதும்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. பெட்ரோல் விலை நிர்ணயம் 2010 சூனிலும் டீசல் விலை நிர்ணயம் 2014 அக்டோபரிலும் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 சூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றியமைக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. பங்க்கில் காணும் விலையில் கச்சா எண்ணெயின் விலை, சுத்திகரிப்புச் செலவு, ஒன்றிய அரசின் கலால் வரி, விற்பனையாளர் கழிவு, மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி ஆகியன அடங்கியுள்ளன. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து மாதம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு, பெட்ரோல் மீதான மாநில வரி விலையில் 13 விழுக்காடும் அதனுடன் லிட்டருக்கு 11.52 ரூபாயும் என அமைந்தது. வரியின் ஒரு பகுதி விழுக்காட்டு முறையில் இருப்பதால், அடிப்படை விலை ஏறினால் வரியும் தானாகவே சிறிது ஏறும்.

நாள்தோறும் மாறும் என்று சொல்லப்படும் இவ்விலை, நடைமுறையில் அப்படி மாறுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2021 நவம்பர் 4 முதல் 137 நாட்கள் அசையாமல் நின்ற விலை, உக்ரைன் போரை அடுத்து 2022 மார்ச் 22 தொடங்கி ஏப்ரல் 6க்குள் ஏறத்தாழ 10 ரூபாய் உயர்ந்தது, சென்னையில் 101.40 ரூபாயாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் 110.85 ரூபாயானது. பின்னர் மே மாதத்தில் கலால் வரி குறைக்கப்பட்டபோது அது 102.63 ரூபாய்க்கு இறங்கியது. நீண்ட காலம் நின்று, பின்பு சேர்த்துவைத்து ஏறும் இப்போக்கினால், விலை நிலையாக இருக்கும் மாதங்களிலேயே மாற்று ஏற்பாடுகளைச் செய்து வைத்துக்கொள்ளும் குடும்பம்தான் ஏற்றக் காலத்தில் தடுமாறாமல் இருக்கும்.

சிற்றூர்களில் இந்த ஏற்றம் உடனே உறைக்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்க்கில் பெரும்பாலோர் லிட்டர் கணக்கில் கேட்பதில்லை. "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்றே கேட்கின்றனர். நூறு ரூபாய் நூறு ரூபாயாகவே இருப்பதால் செலவு ஏறியதாகத் தோன்றாது. ஆனால் மேற்கண்ட சென்னை விலைகளின்படி, 2022 மார்ச்சு நடுவில் அந்த நூறு ரூபாய்க்கு 986 மில்லிலிட்டர் கிடைத்தது, ஏப்ரல் தொடக்கத்தில் 902 மில்லிலிட்டரே கிடைத்தது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இந்த 84 மில்லிலிட்டர் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதாவது, வழக்கமாக மூன்று நாளைக்கு வரும் பெட்ரோல் மூன்றாம் நாள் மாலையிலேயே ரிசர்வுக்கு வந்துவிடுகிறது, வண்டிதான் குடிக்கிறது என்று மெக்கானிக்கின் மீது பழி விழுகிறது.

இதனுடன் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து பெறப்படும் எரிசாராயமாகிய எத்தனால், ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலையே தருகிறது. 20 விழுக்காட்டுக் கலப்புக்கென வடிவமைக்கப்படாத பழைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையலாம் என்று 2021இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கையே குறிப்பிட்டுள்ளது. பழைய வண்டி வைத்திருப்போர் தங்கள் பழைய மைலேஜ் கணக்கை நம்பாமல் புதிதாக அளந்து பார்ப்பது நலம்.

கணக்கெடுக்கும் முறை

மைலேஜை அளப்பதற்கு நம்பத்தகுந்த எளிய வழி, டேங்கை நிரப்பி மீட்டரில் காட்டும் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல் ஓட்டிய பின்பு மீண்டும் அதே அளவுக்கு நிரப்பி, இடையில் ஓடிய தொலைவை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுப்பதாகும். இதனை ஒருமுறை செய்தால் போதாது, இரண்டு மூன்று முறை செய்து சராசரி காண வேண்டும். அதன்பின் ஒரு மாதத்திற்கு, யார், எங்கே, எதற்காகச் சென்றார் என்பதைக் காலண்டர் தாளின் ஓரத்திலேனும் எழுதி வைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கணக்கின் எளிமைக்காக லிட்டர் 100 ரூபாய் என்றும் மைலேஜ் 50 என்றும் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் ஆகிறது. போக வர 40 கிலோமீட்டர் தொலைவுள்ள வேலைக்கு மாதம் 25 நாள் செல்பவருக்குப் பெட்ரோல் மட்டும் 2,000 ரூபாய். டயர், செயின், ஆயில், சர்வீஸ் ஆகியவை தனி. லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் இது 2,200 ஆகும். நாடே பேசும் விலை ஏற்றம் அவருக்கு மாதம் 200 ரூபாய் என்றால், 25 நாளில் பத்து நாள் வண்டியை எடுக்காமல் பேருந்திலோ இரயிலிலோ செல்வதால் மிச்சமாகும் பெட்ரோல் செலவு பழைய விலையிலேயே 800 ரூபாய். அதிலிருந்து பயணச்சீட்டுக்கான தொகையைக் கழித்தாலும் ஏற்றத்தைப் போல இருமடங்கு கையில் நிற்க வாய்ப்புண்டு. எவ்வளவு ஏறியது என்ற கேள்வியைவிட எவ்வளவு ஓடுகிறது என்ற கேள்வியே குடும்பத்திற்குப் பயன்படும் என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

ஓட்டும் முறையில் செய்யக்கூடிய சிக்கனம் பரவலாக அறியப்பட்டதே: டயரில் காற்றழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளுதல், ஏர் ஃபில்டரைத் தூய்மையாக வைத்தல், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டருக்குள் சீராகச் செல்லுதல். திருமுக்கூடல் சுற்றுப்புறத்தில் கல்குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் டிப்பர் லாரிகளும் மிகுந்திருப்பதால் காற்றில் கல்தூசு அதிகம். எனவே சர்வீஸ் புத்தகம் சொல்லும் கால அளவுக்கு முன்பே ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது இங்கே கட்டாயம்.

போகாமலே முடியும் வேலைகள்

பயணக் கணக்கை எழுதிப் பார்க்கும் குடும்பங்களுக்கு, அலுவலகப் பயணங்களில் பல, வீணாகத் திரும்பி வந்தவை என்பது தெரியவரும். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று முதலியவற்றுக்கு அருகிலுள்ள இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டா, சிட்டா விவரங்களையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் பார்க்கலாம். போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வட்டாட்சியர் அலுவலகம் சென்று, "அதிகாரி ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்ற விடையுடன் திரும்புவதைக் காட்டிலும், புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு மலிவானது. 2021 ஆகத்து முதல் செயல்பட்டு வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெயர் பதியாதவர் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பதிந்துகொள்ள வேண்டும். முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேசன் பொருளை வீட்டில் சேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகத்தில் தொடங்கப்பட்டது.

சேவை மக்களிருக்கும் இடத்துக்கு வருவது இவ்வூருக்குப் புதிதன்று என்பதையும் இடையே குறிப்பிடலாம். இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் காணப்படும் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலையையும், அதில் மருத்துவர், அறுவை மருத்துவர், மருந்துக்கு மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோர் பெற்ற ஊதியத்தையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. வேதக் கல்லூரியும் மாணவர் விடுதியும் அதே வளாகத்தில் இருந்தன. அக்கல்வெட்டைக் காணப் பிற ஊரார் திருமுக்கூடலுக்கு வர, திருமுக்கூடலார் மருத்துவத்துக்குப் பிற ஊர் செல்லும் நிலையே இன்று உள்ளது.

பாலத்தின் அக்கரை

இப்பகுதியில் வண்டிக்கு மாற்று இல்லை என்று சொல்லப்படுவது பாதி உண்மையே. திருமுக்கூடலில் நின்றுகொண்டு பார்த்தால் பேருந்துகள் குறைவு. பழையசீவரத்தில் நின்று பார்த்தால் நிலைமை வேறு. அங்கே காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே ஓடும் பேருந்துகள் நிற்பதுடன், செங்கற்பட்டு–அரக்கோணம் இருப்புப் பாதையில் பழையசீவரம் என்ற பெயரிலேயே ஓர் இரயில் நிலையமும் உள்ளது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வரும் பாரிவேட்டை விழாவில் கூட்டம் நடந்தே கடக்கும் தொலைவுதான் இரு ஊர்களுக்கும் இடையே உள்ளது. ஆகவே சிக்கல் நாற்பது கிலோமீட்டரில் இல்லை, முதல் சில கிலோமீட்டரில் இருக்கிறது. வண்டியை விற்க வேண்டியதில்லை, அதன் வேலையைப் பாலத்தோடு முடித்துவிட்டால் போதும். போக்குவரத்துத் துறையினர் இணைப்புப் பயணம் என்று அழைப்பது இதனையே: நீண்ட தொலைவைப் பொது வாகனத்துக்கு விட்டு, அதனை எட்டும் சிறு தொலைவுக்கு மட்டும் சொந்த வண்டியைப் பயன்படுத்துதல்.

இரயிலைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, இத்தடத்தில் சென்னைப் புறநகரைப் போல அடிக்கடி வண்டிகள் இல்லை. காலையில் ஒன்று தவறினால் நெடுநேரம் காத்திருக்க நேரிடும். இரண்டாவது, கட்டணம் மிகக் குறைவு. நாள்தோறும் செல்வோர் எடுக்கும் மாதாந்திர சீசன் டிக்கெட், அத்தனை நாளுக்கும் தனித்தனியே சீட்டு வாங்குவதில் பாதிக்கும் குறைவாகவே வரும். எனவே செங்கற்பட்டு, தாம்பரம் போன்ற ஊர்களில் குறித்த நேர வேலை பார்ப்போருக்கு இரயில் பொருந்தும். முறைமாற்றி ஷிப்டில் வேலை பார்ப்போருக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பின்னவர்க்கு உரியவை கம்பெனி பேருந்துகளே. ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகள் பல தம் தொழிலாளரை ஏற்றிச் செல்லப் பேருந்துகளை அனுப்புகின்றன. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்பதுபோலவே ஏற்றுமிடம் எது, கூடுதல் நேரம் பார்த்தால் திரும்பி வர வண்டி உண்டா என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டி கொடுக்காத நிறுவனத்தில் கிடைக்கும் ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம், மேலே கண்ட கணக்கின்படி டேங்க்கிலேயே கரைந்துபோகும்.

பேருந்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கணக்கு வேறு. 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பின்னர் இதற்கு மகளிர் விடியல் பயணம் என்று பெயரிடப்பட்டது. நகரப் பேருந்து என்பது நகரத்துக்குள் மட்டும் ஓடுவதன்று; நகரத்திலிருந்து சுற்றுச் சிற்றூர்களுக்கு ஓடும் டவுன் பஸ்ஸையும் அது குறிக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் விரைந்து வரும் புறநகர்ப் பேருந்துகளுக்கும் தனியார் பேருந்துகளுக்கும் இச்சலுகை இல்லையாதலால், ஏறுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. இதிலுள்ள நுட்பம் என்னவெனில், பல குடும்பங்களில் பெண்கள் கட்டணமின்றிப் பேருந்தில் செல்ல முடிந்த பயணத்துக்கும் வீட்டு ஆண்கள் பைக்கில் கொண்டுபோய் விட்டு, பின்பு அழைத்து வருகின்றனர்; அவ்வகையில் ஒருவர் பயணத்துக்கு வண்டி நான்கு முறை ஓடுகிறது. இதனைப் பழையசீவரம் நிறுத்தத்தோடு நிறுத்திக்கொள்வதே, எந்தத் தியாகமும் வேண்டாத பெரிய சேமிப்பாக இருக்கக்கூடும்.

பேருந்தின் உண்மையான குறை கட்டணமன்று, நம்பகமின்மை. அட்டவணையில் உள்ள நேரத்துக்கும் வண்டி வரும் நேரத்துக்கும் இடைவெளி இருக்கும்; சில நாள் வராமலும் போகும். ஆதலால் இரு வாரங்களுக்கு, வண்டி உண்மையில் வந்த நேரத்தைப் பூக்கடைக்காரர், டீக்கடைக்காரர், பள்ளி மாணவர் ஆகியோரிடம் கேட்டுக் குறித்து, அதனைத் தெருவின் வாட்சாப் குழுவில் பகிர்ந்துகொள்வது பயனுள்ளது.

மிதிவண்டி, மின் ஸ்கூட்டர்

எரிபொருளே இல்லாமற்போகும் நிலையைத் தமிழர் நேரில் கண்டிருக்கின்றனர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாக, மோட்டார் சைக்கிள்களும் பழைய ஆஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் கிளம்பச் சில சொட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு போத்தலுக்குச் "சூப்பி" என்று பெயரே ஏற்பட்டது. ஆனால் அச்சமூகத்தைத் தாங்கியது அந்த உத்தியன்று, சைக்கிள்தான். 2022இல் இலங்கை முழுவதும் எரிபொருள் பஞ்சம் ஏற்பட்டு, சூலையில் அறிமுகமான கியூஆர் அட்டை முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று அளந்து கொடுக்கப்பட்டபோதும் மக்கள் மீண்டும் சைக்கிளைத்தான் நாடினர். தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்பித்ததால், பல்லாயிரம் கிராமப் பெண்கள் யாரையும் எதிர்பாராமல் பயணம் செய்யத் தொடங்கினர்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி பல வீடுகளில் படிப்பு முடிந்ததும் திண்ணையோரம் துருப்பிடித்து நிற்கிறது. டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்றினால் பாலத்தைக் கடக்கும் பயணத்துக்கு அதுவே போதும். டிப்பர் ஓடும் சாலை என்பதால், பின்புறம் சிவப்பு எதிரொளிப்பான் இல்லாமல் அதிகாலையிலும் இருட்டிய பின்பும் ஓட்டுதல் கூடாது; இவ்வகையில் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமையாகாது.

மின் ஸ்கூட்டரைப் பற்றி மிகையான நம்பிக்கையும் மிகையான அச்சமும் ஒருங்கே நிலவுகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்தில் அது தோராயமாக 30 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 33 யூனிட், இரு மாத மின்கட்டணச் சுற்றுக்கு 66 யூனிட் கூடும். யூனிட் 6 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு 20 காசுதான். பெட்ரோலோடு ஒப்பிட இது பத்தில் ஒரு பங்கு. ஆயினும் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதும் கருதத்தக்கவை. 300 யூனிட் ஓடும் வீட்டுக்குக் கவலையில்லை. கோடையில் ஏசி ஓடி 450 யூனிட் தொடும் வீட்டில் இந்த 66 யூனிட் எல்லையைத் தாண்டச் செய்யும். வாங்கும் விலையின் வேறுபாட்டையும், பேட்டரி மாற்றச் செலவையும் சேர்த்தால், நாள்தோறும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவருக்கே விரைவில் ஆதாயம். வாரம் இருமுறை சந்தைக்குச் செல்பவர் பழைய எக்ஸ்எல் மொபெட்டை வைத்துக்கொள்வதே மேல். எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுத்தல் இல்லை.

உழவருக்கான டீசல்

வேளாண் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால், இங்கே டீசல் விலை பாசனத்தைவிட உழவிலும் அறுவடையிலுமே உறைக்கிறது. சொர்ணவாரி, நவரைப் பருவங்களில் அறுவடை இயந்திரத்தின் மணி வாடகை டீசலோடு ஏறும். ஏறியது இறங்குவது அரிது. வரப்பு வரப்பாகத் தனித்தனி நாளில் வண்டியை வரவழைப்பதைத் தவிர்த்து, அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் அறுக்கப் பேசிக்கொண்டால், திரும்பும் நேரமும் வந்து சேரும் செலவும் பகிரப்படும். வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். பருவத் தொடக்கத்தில் தேவை மிகுவதால் முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஊராகக் கேட்க வேண்டியது

குடும்பத்தின் கணக்கு எவ்வளவு சீராக இருந்தாலும், பாலத்தின் இக்கரையில் வண்டி வராத வரை அதற்கு ஓர் எல்லை உண்டு. 1997இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மினி பஸ் திட்டம் 2025 சூனில் புதிய விதிகளுடன் விரிவாக்கப்பட்டது. பேருந்து வசதியில்லாத சாலைகளை உள்ளடக்கிய தடங்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு. எனவே சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் படியை மாவட்ட ஆட்சியருக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்கும் அனுப்பலாம். பொதுவாகப் பேருந்து வசதி வேண்டும் என்று எழுதும் மனுவுக்குப் பொதுவான விடையே வரும். காலையில் பழையசீவரத்தில் எந்த இரயிலைப் பிடிக்க வண்டி எத்தனை மணிக்குத் திருமுக்கூடலை விட்டுப் புறப்பட வேண்டும், மாலையில் எந்த வண்டியில் வருவோருக்குக் காத்திருக்க வேண்டும், பள்ளி மாணவர் எத்தனை பேர், வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர், எந்தெந்தத் தெருமுனையில் நிற்க வேண்டும் என்பனவற்றை, இரு வாரம் குறித்த நேரப் பட்டியலோடும் வீடுதோறும் எடுத்த பயணக் கணக்கோடும் இணைத்து அனுப்பும் மனு, தடம் வகுக்கும் அலுவலரின் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிடும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெற்று, அடுத்த கிராம சபையில் அதன் நிலை என்ன என்ற வினாவையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் செய்தல் வேண்டும்.